அக்கா இன்னும் கையை விடவில்லை

பட்டுக்கை போகிற இடங்களில் வழக்கமாகக் கதவைச் சாத்துவார்கள். சாத்திய கதவைத் திறக்க வைப்பதுதான் அவர் பிழைப்பு. அன்றைக்கு எல்லாம் தலைகீழ். புதிய விளையாட்டரங்கத்தின் முதல் ஆட்டம். மதிய வெயில் சாய ஆரம்பித்திருந்தது. நீலச் சட்டை போட்ட பெண்கள் கண்ணாடிக் கதவுகளைத் தாங்களே திறந்து பிடித்துக்கொண்டு புன்னகைத்தார்கள். கழுத்தில் அழைப்பு அட்டையைத் தொங்கவிட்டு, மனைவியைப் பக்கத்தில் நடக்கவிட்டு, ஊரையே விலை கேட்க வந்தவர்போலப் பட்டுக்கை படியேறினார்.

"மெதுவா போங்க," என்றாள் மனைவி. "வாசல்லயே வண்டிய நிறுத்தலாம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்க. நிறுத்தின இடத்துலேருந்து நடந்த நடைக்கு, வீட்டுலேருந்தே நடந்து வந்திருக்கலாம்."

"வண்டி நிறுத்தத்தான் அடுத்த தெருவையும் எடுக்கப் போறாங்க. அதுக்குத்தானே நான் இருக்கேன்."

"ஆமா. நீங்க இருப்பீங்க. தெருதான் இருக்காது."

பட்டுக்கை சிரித்துக்கொண்டார். அவளுடைய பேச்சுக்கு வரி கட்டச் சொன்னால் அரசாங்கக் கஜானா நிரம்பிவிடும்.

பட்டுக்கை என்பது பட்டப்பெயர். ஆள் இடத் தரகர். முகத்தில் ஒரு விசேஷமும் கிடையாது; கூட்டத்தில் தொலைந்தால் அடையாளம் சொல்லித் தேடுவதுகூடக் கஷ்டம். விசேஷம் எல்லாம் அந்த வலது கையில்தான். மூட்டை தூக்காத, மண்வெட்டி பிடிக்காத, குழந்தையின் கன்னம்போல வழுவழுவென்ற கை. அந்தக் கைக்குள் ஒருவர் கை போய்விட்டால், வெளியே வரும்போது எதையாவது இழந்துவிட்டுத்தான் வரும். இழந்தது என்ன என்று வீட்டுக்குப் போய்த்தான் தெரியும்.

அரங்கம் இருக்கும் இடத்தில் முன்பு மொத்தச் சந்தை இருந்தது. தானியக் கடைகள், கயிற்றுக் கடைகள், எண்ணெய்க் கடைகள், தராசு பழுது பார்க்கிறவர்கள், லாரிக்காரர்களுக்குச் சோறு போடுகிறவர்கள் என்று ஒரு தலைமுறை அங்கேயே பிறந்து அங்கேயே சண்டை போட்டு அங்கேயே சமாதானமாகிக் கிடந்தது. அந்தச் சந்தையில் வாயால் விலை பேசுகிறவனை யாரும் மதிக்கமாட்டார்கள். பேச்சு கையில்தான். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, கைகளைக் கோத்து, மேலே ஒரு கோணித் துண்டைப் போட்டுக்கொள்வார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. உள்ளங்கையைச் சுரண்டினால் பாதி. மொத்தக் கையையும் இறுக்கினால் 'இருக்கிறது எல்லாம்'. வெளியே முகங்கள் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். உள்ளே விரல்கள் குத்திக்கொண்டு கிடக்கும்.

அதில் ஒரு கறாரான விதி உண்டு. விற்கிறவர் கையை விட்டால்தான் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். வாங்குகிறவர் தானாக உருவிக்கொள்ளக் கூடாது. ஒத்துவரவில்லை என்றால் 'பேச்சு முறிஞ்சது' என்று பக்கத்தில் இருப்பவர்கள் காதில் விழும்படி வாய்விட்டுச் சொல்லிவிட்டு எழுந்து போகலாம். அதில் அவமானம் இல்லை. ஆனால் முடிக்காமலும் முறிக்காமலும் கையை உருவிக்கொண்டு போனால், கோணிக்குக் கீழே அந்தப் பேச்சு உயிரோடு இருக்கிறது என்று சந்தையில் சொல்வார்கள்.

பட்டுக்கைக்கு இதெல்லாம் அத்துபடி. அந்தச் சந்தையில் பிடித்த கைகளை வைத்துத்தான் அவர் ஆளானதே.

படி முடிகிற இடத்தில் ஒரு காவலாளி நின்றிருந்தான். தொப்பி அவனுக்கு ஒரு அளவு பெரிது. தோள் மட்டும் சட்டைக்குள் அடங்கமாட்டேன் என்று துருத்திக்கொண்டிருந்தது. அந்தத் தோளைப் பார்த்ததும் பட்டுக்கைக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. சந்தையில் சுமை இறக்கியவன். எல்லோருக்கும் அவன் 'மூட்டை'.

"என்னப்பா மூட்டை, விசிலெல்லாம் கழுத்துல தொங்குது. பெரிய ஆளாயிட்ட."

"தூக்குறதுக்கு மூட்டை இல்ல, தரகரே. விசிலத் தூக்கிட்டு நிக்கிறேன்." அட்டையை வாங்கி இருக்கை எண்ணைப் பார்த்தான். முகம் மாறியது. திரும்பக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். "நீங்கதானா அது."

"எது?"

"தெனம் காலைல எல்லா இருக்கையிலயும் தூசி படிஞ்சிருக்கும். கட்டட வேலை நடக்குற இடம், படியத்தான் செய்யும். ரெண்டே ரெண்டு மட்டும் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கும். பக்கத்து பக்கத்துல. யாருக்கோ எடம் போட்டு வெச்ச மாதிரி. அதுல ஒண்ணு உங்களோடது."

"யாரு துடைக்கிறா?"

"நான் துடைக்கல."

மனைவி முன்னால் போய்க் கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். மூட்டை குரலைத் தாழ்த்தினான்.

"அந்த எடத்துல எது இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். அன்னிக்கு நானும் அங்கதான் நின்னேன். உங்களுக்கு போன் அடிச்சுது. நீங்க கைய உருவிட்டு எழுந்து போயிட்டீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். கோணிக்கடை அக்கா கைய விட்டுச்சா?"

பட்டுக்கை அட்டைக்குக் கையை நீட்டினார்.

"இப்பவாவது சொல்லிடுங்க. 'அக்கா, உனக்கு எடம் குடுக்க முடியல, பேச்சு முறிஞ்சது'ன்னு. நாலு பேர் காதுல விழுற மாதிரி சொல்லணும். சொன்னா விட்டுடும். அக்கா நியாயத்துக்குக் கட்டுப்பட்ட ஆளு."

"செத்தவங்ககிட்ட என்னப்பா பேச்சு?"

"செத்தவங்கதான் தரகரே அவசரப்படமாட்டாங்க."

அட்டையைப் பிடுங்கிக்கொண்டு பட்டுக்கை நடந்தார்.

கோணிக்கடை அக்காவை அவர் மறந்துவிட்டார் என்று சொன்னால் அது பொய். கிழிந்த சாக்குகளை வாங்கி, நீளமான கோணி ஊசியால் தைத்து விற்கிறவள். பெரிய வியாபாரம் இல்லை. ஆனால் சந்தையில் அவள் தலையசைத்தால்தான் மற்றவர்கள் தலையசைப்பார்கள். அரங்கத்துக்காக இடம் கேட்டு வந்தபோது பட்டுக்கை ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார். மற்ற எல்லோரிடமும் "அக்கா ஒத்துக்கிட்டா" என்றார். அக்காவிடம் "எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க, நீதான் பாக்கி" என்றார். தனித்தனியாகக் கோணி போட்டுப் பேசினால் இதில் ஒரு வசதி: ஒரு கோணிக்குக் கீழே நடந்தது இன்னொரு கோணிக்குத் தெரியாது.

கடைசியாக அக்காவின் கடை. அவள் கையைப் பிடித்ததும் பட்டுக்கைக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. மரப்பட்டைபோலக் காய்த்துப்போன கை. ஊசி குத்திக் குத்தி ஆள்காட்டி விரல் நுனி கோணலாகத் திரும்பியிருக்கும். அந்த விரலால் அவருடைய ஒரு விரலைப் பிடித்தாள். ஒன்று. வாயால் சன்னமாகச் சொன்னாள்: "புதுசா என்ன வேணா கட்டிக்கோங்க தம்பி. நான் உக்காந்திருக்கிற இந்த எடத்துல எனக்கு ஒரு எடம்."

பட்டுக்கை விரலை அழுத்தினார். சம்மதம் என்று அர்த்தம். அந்த நேரம் பார்த்து, அரங்கம் கட்டுகிற கம்பெனியின் மேனேஜரிடமிருந்து போன். கையை உருவிக்கொண்டு வெளியே ஓடி, "முடிஞ்சது சார்" என்றார்.

பின்னால் அக்கா அமைதியாகச் சொன்னாள்: "நான் இன்னும் கைய விடல தம்பி."

மறுநாள் விடியும்போது இயந்திரங்கள் வந்துவிட்டன. பேச்சு முடியாததால், சந்தை முறைப்படி இடம் இன்னும் தன்னுடையது என்று அக்கா கடைக்குள்ளேயே இருந்துவிட்டாள். பட்டுக்கைக்கு அது தெரியாது என்றுதான் ஊர் நம்பியது. ஆனால் கடை வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பை அவர் பார்த்திருந்தார். வார் அறுந்து, சணல் நூலால் தைத்த செருப்பு. வீட்டுக்குள் போகிறவர் கழற்றி வைப்பதுபோல அழகாகச் சேர்த்து வைத்திருந்தது.

"உள்ள ஆள் இருக்காங்களா?" என்று இயந்திரக்காரர் கேட்டார்.

"யாரும் இல்ல. பழைய செருப்பு மட்டும்தான்," என்றார் பட்டுக்கை. "இடிங்க."

சுவர் உள்பக்கமாகச் சரிந்தது. சாக்குக் குவியலுக்குக் கீழே அவளை எடுத்தபோது வலது கை மட்டும் நீட்டியபடி, எதையோ பிடித்த மாதிரி மூடியிருந்ததாம். திறக்க முடியவில்லையாம். அப்படியே கொண்டுபோனார்கள். சந்தைக்காரர்களை ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். அங்கே வாடிக்கையாளர் என்று தவறாமல் வருவது வெயில் ஒன்றுதான்.

இருக்கை கீழ் அடுக்கில், மைதானத்தை ஒட்டி, அருமையான இடத்தில் இருந்தது. இடப்பக்கம் மனைவி. வலப்பக்கம் ஒரு காலி இருக்கை. சுற்றிலும் ஈயாட இடமில்லாத கூட்டம். அந்த ஒன்று மட்டும் காலி. துடைத்து வைத்தது போலப் பளிச்சென்று இருந்தது.

புதுப் பெயின்ட் வாசனை, புல் வாசனை, பொரித்த தீனி வாசனை எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு வாசனை இழையோடியது. பழைய எண்ணெய் ஊறிய சணல். மழை நாளில் சாக்குக் கிடங்கைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அது.

மேனேஜர் பின்வரிசையில் வந்து உட்கார்ந்து தோளைத் தட்டினார். சின்ன வயது, சட்டையில் சுருக்கம் கிடையாது, முகத்திலும் கிடையாது.

"தரகர் சார், ஆட்டம் முடிஞ்சதும் மேல் அறைக்கு வாங்க. அடுத்த தெருக்காரங்கள வரச் சொல்லியிருக்கேன். சலூன்காரர், சைக்கிள் கடைக்காரர், எல்லாரும் வர்றாங்க. நீங்க வந்து கை குடுத்தா போதும். உங்க கைல என்னமோ இருக்கு."

"பக்கத்து சீட்டுக்கு ஆள் வரலியா?" என்று பட்டுக்கை கேட்டார்.

"அதுவா? வித்தாச்சே. வருவாங்க."

மனைவியின் துணிப்பைக்குள் தண்ணீர் பாட்டிலைத் தேடிக் கையை விட்டார். சீப்பு, கைக்குட்டை, பிஸ்கட் பொட்டலம்.

அப்புறம் ஒரு விரல்.

காய்த்த விரல். நுனி கோணலாகத் திரும்பிய விரல். அது அவருடைய விரலைத் தேடி வந்து, மெதுவாகப் பிடித்தது.

வெடுக்கென்று கையை இழுத்தார். பை கவிழ்ந்தது.

"என்னங்க, பாம்பு பண்ணையா வெச்சிருக்கேன் உள்ள?" என்று மனைவி பொறுக்க ஆரம்பித்தாள். சீப்பு, கைக்குட்டை, பிஸ்கட், பாட்டில். வேறொன்றும் இல்லை.

பிரமை என்று பட்டுக்கை தனக்குத்தானே விளக்கம் கொடுத்துக்கொண்டார். அவர் கொடுத்த விளக்கங்களை ஊரே நம்பியிருக்கிறது. அவர் மட்டும் ஏன் நம்பக் கூடாது. வியர்வையைத் துடைத்து, கைக்குட்டையை மடிமீது விரித்துப் போட்டார். அதன் கீழே கை கிடந்தது, அவ்வளவுதான்.

கைக்குட்டை மெல்ல உப்பியது.

அவருடைய கை ஒன்றுதான் அதன் கீழே இருந்தது. துணியில் தெரிந்தது இரண்டு கைகளின் மேடு.

கைக்குட்டையை உதறிக் கீழே போட்டார். ஒன்றும் இல்லை. ஆள்காட்டி விரலைச் சுற்றி மட்டும் ஒரு சணல் இழை ஒட்டியிருந்தது.

இனிமேல் கையை வெட்டவெளியில் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று முடிவு செய்தார். துணிக்குக் கீழேதான் அவளுக்குச் சக்தி. இரண்டு கைகளையும் முழங்கால்மேல் விரித்து வைத்துக்கொண்டு, பரீட்சைக்குக் காத்திருக்கும் பிள்ளைபோல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆட்டக்காரர்கள் களமிறங்கினார்கள். காலமாகிவிட்ட பழைய ஆட்டக்காரர் ஒருவருக்கு மௌன அஞ்சலி என்று ஒலிபெருக்கி அறிவித்தது. எல்லோரும் எழுந்தார்கள். அத்தனை பெரிய கூட்டம் ஒரே நேரத்தில் வாயை மூடியது. கொடிக் கம்பத்தில் கயிறு உரசுவதுகூடக் கேட்டது.

அந்த அமைதியில் இன்னொரு சத்தமும் கேட்டது.

சரக்.

சாக்குக்குள் ஊசி இறங்கி, நூல் இழுபடும் சத்தம்.

சரக்.

காலி இருக்கையிலிருந்து வந்தது.

பட்டுக்கைக்கு மூட்டை சொன்னது ஞாபகம் வந்தது. நாலு பேர் காதில் விழ வேண்டும். இப்போது வாயைத் திறந்து மெல்லச் சொன்னாலே போதும். அரங்கம் முழுக்கக் கேட்கும். இடம் கொடுக்கவில்லை. பேச்சு முறிந்தது. இவ்வளவுதான். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

ஆனால் பின்வரிசையில் மேனேஜர் நிற்கிறார். மற்ற வியாபாரிகள் எல்லாம் அக்கா ஒத்துக்கொண்டாள் என்ற ஒரு வார்த்தையை நம்பித்தான் கையை விட்டார்கள். அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை என்று இங்கே போட்டு உடைத்தால், இந்தக் கட்டடத்தின் அஸ்திவாரத்தில் இருக்கிற பொய் வெளியே வரும். அப்புறம் அடுத்த தெருக்காரன் அவர் கையைத் தொடுவானா? தரகனுக்குக் கையைத் தொட ஆளில்லை என்றால் பிழைப்பு அத்தோடு போச்சு.

பட்டுக்கை எச்சிலை விழுங்கினார். வார்த்தையும் சேர்ந்து இறங்கிவிட்டது.

விசில் ஒலித்தது. கூட்டம் மறுபடி இரைந்தது. தைக்கும் சத்தம் நின்றிருந்தது. தைக்கிறவர்கள் வேலை முடிந்தால்தான் நிறுத்துவார்கள்.

ஆட்டம் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒருவரும் பந்தை வலைக்குள் போட்டபாடில்லை. கூட்டத்துக்குப் பொறுமை போனது. அப்போது கீழ் வரிசையில் ரசிகர் சங்கத்து இளைஞர்கள் ஒரு பெரிய துணிச் சுருளை இழுத்து வந்தார்கள். அணியின் சின்னம் வரைந்த ராட்சதத் துணி. கீழேயிருந்து மேல் அடுக்கு வரை, மக்கள் தலைக்கு மேலே கையால் கடத்திக் கடத்தி விரிப்பார்களாம். தொலைக்காட்சியில் பார்க்க அழகாக இருக்குமாம்.

"ஐ, நம்ம பக்கம்தான் வருது," என்றாள் மனைவி.

பட்டுக்கை அதைப் பார்த்தார். மேல் பக்கம்தான் வர்ணம். கீழ்ப்பக்கம் தவிட்டு நிறம். நெருங்க நெருங்க நெசவு தெரிந்தது. தடித்த, சொரசொரப்பான நெசவு. கிழிந்த இடங்களில் நீளநீளமாகத் தையல்.

அது கோணி.

எழுந்து ஓடலாம் என்று நினைத்தார். ஒரு பக்கம் மனைவி, அதற்கப்பால் வரிசை முழுக்க முழங்கால்கள். மறுபக்கம் காலி இருக்கை. அந்த வழியாகப் போக அவருக்குக் கால் வரவில்லை.

துணி தலைக்கு மேல் வந்தது.

பட்டப்பகல் அணைந்தது.

உள்ளே ஒரு தவிட்டு நிற மங்கல். ஆயிரம் பேருடைய மூச்சின் வெக்கை. ஆரவாரம் எங்கோ சுவருக்கு அந்தப் பக்கம் கேட்பதுபோல அமுங்கியது. எல்லோரும் சிரித்துக்கொண்டே கைகளை உயர்த்தித் துணியைத் தள்ளினார்கள். பட்டுக்கை மட்டும் தன் கைகளை அக்குளில் செருகிக்கொண்டார்.

பிரயோஜனம் இல்லை. வலது கையை யாரோ நிதானமாக, உரிமையோடு வெளியே எடுத்தார்கள்.

காலி இருக்கை காலியாக இல்லை. இருட்டில் உருவம் தெரியவில்லை. தெரியவும் வேண்டாம். தரகனுக்கு முகம் மறந்தாலும் கை மறக்காது.

ஒரு விரலைப் பிடித்தது. ஒன்று.

"அக்கா," என்றார் பட்டுக்கை. குரல் அவருக்கே கேட்கவில்லை. "எல்லாத்தையும் கட்டி முடிச்சிட்டாங்க. வாசல்ல வேணா ஒரு பெட்டிக்கடை வாங்கித் தர்றேன். உன் பேர்ல."

ஒரு விரல். இறுக்கமாக.

"சரி, இந்தா பாரு, என் சீட்டையே எடுத்துக்கோ. எப்ப ஆட்டம் நடந்தாலும் நீ வந்து உக்காந்துக்கலாம். நான் கேக்கமாட்டேன்." அந்த நேரத்திலும் அவர் மனதுக்குள் ஒரு மூலை திருப்திப்பட்டது. தனக்குச் சொந்தமில்லாத இருக்கையைப் பேயின் தலையில் கட்டப் பார்த்த முதல் தரகர் அவராகத்தான் இருக்கும்.

விரல் தளர்ந்தது.

பட்டுக்கை மூச்சு விட்டார். படிந்துவிட்டாள் என்று நினைத்து, பழக்க தோஷத்தில், உள்ளங்கையை லேசாகச் சுரண்டினார். பாதிக்கு முடித்துக்கொள்ளலாமே என்று அர்த்தம்.

மங்கலில் ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது. கோபமில்லாத சிரிப்பு. அதுதான் பயங்கரமாக இருந்தது.

பிறகு அந்தக் கை திறந்து, அவருடைய மொத்தக் கையையும் பிடித்தது.

இருக்கிறது எல்லாம்.

விரல்கள் ஒவ்வொன்றாக ஜில்லிட்டன. மணிக்கட்டு ஜில்லிட்டது. சரக் என்று காதருகே ஒரு இழுப்பு. அவருடைய சட்டைக் கையோடு ஏதோ தைக்கப்படுவது தெரிந்தது.

"ஏம்மா," என்று மனைவியைக் கூப்பிட்டார். அவள் இந்தப் பக்கம் திரும்பாமல் துணியைத் தள்ளிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி," என்றது சன்னமான குரல். "செருப்பப் பாத்தீங்கல்ல?"

அப்போதுதான் பட்டுக்கை விஷயத்தைப் புரிந்துகொண்டார். இது பேரம் இல்லை. பேரத்துக்கு வந்திருந்தால் அவள் வாசலிலேயே பேசியிருப்பாள்.

மேனேஜர், மேல் அறை, அடுத்த தெரு எல்லாம் ஒரே நொடியில் அவர் தலையிலிருந்து உதிர்ந்தன. நுரையீரல் கிழிய, வாழ்க்கையில் முதல் முறையாக உள்ளதை உள்ளபடி கத்தினார்.

"எடம் குடுக்கல. அவ ஒத்துக்கவே இல்ல. பேச்சு முறிஞ்சது."

அந்த வினாடியில் துணிக்கு வெளியே பந்து வலைக்குள் பாய்ந்தது. அரங்கம் வெடித்தது. பக்கத்தில் இருந்தவர்கள், பின்னால் இருந்தவர்கள், மனைவி உள்பட அத்தனை பேரும் தொண்டை கிழியக் கூவினார்கள்.

ஒரு காதிலும் விழவில்லை.

துணி மேல் அடுக்குக்கு ஏறிப் போனது. வெயில் திரும்பியது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு மனைவி பக்கத்தில் திரும்பினாள்.

"பாத்தீங்களா, நாம ஒண்ணும் பாக்காத நேரமா பாத்துப் போட்டுட்டாங்க..."

இரண்டு இருக்கைகள் காலியாக இருந்தன.

தேடினார்கள். கழிப்பறை, படிக்கட்டு, வண்டி நின்ற இடம் எல்லாம். வாசல்களில் ஆள் வெளியே போன அடையாளமே இல்லை. மேல் அறையில் சலூன்காரரும் சைக்கிள் கடைக்காரரும் காத்திருந்து பார்த்து, கொடுத்த குளிர்பானத்தைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அவர்களோடு பேசி முடிக்க வேறு கை கிடைக்கவில்லை. அடுத்த தெரு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

கூட்டம் கலைந்ததும் மேனேஜர் மூட்டையைக் கூப்பிட்டார். அரங்கத்தைப் பூட்ட வேண்டும்.

"அந்த அடுக்குல ஆள் இருக்காங்களான்னு பாத்தியா?"

"யாரும் இல்ல சார்," என்றான் மூட்டை. "செருப்பு மட்டும்தான் இருக்கு."

பட்டுக்கை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் போட்ட தோல் செருப்பு. காலி இருக்கைக்கு முன்னால், வீட்டுக்குள் போகிறவர் கழற்றி வைப்பதுபோல, அழகாகச் சேர்த்து வைத்திருந்தது. புது வார்தான், அறுந்திருக்கவில்லை. ஆனாலும் அதைச் சணல் நூலால் யாரோ தைத்திருந்தார்கள்.

மனைவி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். செருப்பை எடுக்கக் குனிந்தாள். பிறகு என்ன தோன்றியதோ, எடுக்காமலே போய்விட்டாள்.

அடுத்த ஆட்டத்துக்குள் மேனேஜர் அந்த இரண்டு இருக்கைகளையும் பெயர்த்தெடுக்கச் சொல்லிவிட்டார். அங்கே வெறும் சிமென்ட் தரை. பொட்டல்.

அந்த ஆட்டத்திலும் ரசிகர்கள் ராட்சதத் துணியை விரித்தார்கள். புதுத் துணி, பளபளவென்ற நைலான். மூட்டை படிமேல் நின்று பார்த்தான். தலைகளுக்கு மேலே அலை அலையாக ஏறி வந்த துணி, இருக்கைகள் இல்லாத அந்தப் பொட்டலுக்கு மேலே வந்தது. தாங்க ஆள் இல்லாததால் அந்த இடத்தில் அது பள்ளமாகத் தொய்ய வேண்டும்.

தொய்யவில்லை.

இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல, துணியில் இரண்டு தலைகள் தெரிந்தன. ஒன்று நிமிர்ந்து, அசையாமல். இன்னொன்று இடமும் வலமுமாக ஆடிக்கொண்டு.

இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன மேடு.

அது மட்டும், விடாமல், அசைந்துகொண்டிருந்தது.